கல்வியும் கல்லுதலும்: தோண்டும் வினைகள் பற்றி ஒரு திருத்தம்

வித்துராவில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்புறம் ஒரு சிறு சேனைத் தோட்டம் உண்டு. சென்ற மாதம் ஒரு காலையில் வீட்டுக்கார அம்மா அங்கே குனிந்து மண்வெட்டியோடு நின்றிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சேன கிளய்க்கயாணு மக்களே" என்றார். மண்ணைக் கிளறிக் கிழங்கை வெளியே எடுக்கும் வேலைக்கு மலையாளத்தில் அன்றாடம் வழங்கும் வினை அது. கிளைத்தல். தமிழில் இவ்வினை இன்று கிளை விடுவதை மட்டுமே குறிக்கிறது. தமிழ் லெக்சிகனைத் திறந்தால், தோண்டுதல், கிளறுதல் என்ற பொருள்களோடும் அதே சொல் தனிப் பதிவாக நிற்கிறது. நாம் அகராதியில் விட்டுவிட்டு வந்ததை அவர் மண்வெட்டியோடு கையில் வைத்திருந்தார்.

அன்று மாலையே ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. முதுகலை மொழியியல் படித்த காலத்தில், கல்லூரிக் கட்டுரைப் போட்டி ஒன்றில் நான் பரிசு பெற்றேன். கட்டுரையின் மைய வாதம் இதுதான்: கல்வி என்னும் சொல் கல்லுதல் என்பதிலிருந்து பிறந்தது, கல்லுதல் என்றால் தோண்டுதல், ஆகவே தமிழர் கல்வியை அறியாமையைத் தோண்டி எறியும் செயலாகக் கண்டனர். இந்த விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பட்டமளிப்பு விழாக்களில், ஆசிரியர் தின உரைகளில், பட்டிமன்றங்களில் இதற்குக் கைதட்டல் உறுதி. எனக்கும் கிடைத்தது. அக்கட்டுரையின் ஒளிப்படி இன்றும் மாணவர் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் ஓர் இளநிலை மாணவர் அதையே மேற்கோளாகக் காட்டி எனக்கு எழுதியிருந்தார். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. அந்த வாதம் தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்வதற்குத் தோண்டும் வினைகளின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தமிழில் இவ்வினைகள் மிகுதி. தோண்டு, அகழ், வெட்டு, பறி, குடை, கிண்டு, கிளறு, நோண்டு, கல்லு, துருவு என்று நீளும். இவை ஒரே பொருளின் பல பெயர்கள் என்று எண்ணினால் தவறு. கிணற்றை வெட்டுகிறோம், குழியைப் பறிக்கிறோம் அல்லது தோண்டுகிறோம், பாறையைக் குடைகிறோம், காதை நோண்டுகிறோம். எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், தேவை குழியா அல்லது குழியிலிருந்து வரும் பொருளா என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. ஊரைப் பொறுத்தும் மாறும். தமிழகத்தில் கிண்டுவது உப்புமாவும் அல்வாவும்தான். யாழ்ப்பாணத்தில் கிடங்கு கிண்டுவார்கள், கிணறும் கிண்டுவார்கள். அதே வினையிலிருந்து பிறந்த கிண்டல் இருகரையிலும் பொது. ஆங்கிலத்தின் 'டிக்' என்னும் வினையும் மண் தோண்டுவதில் தொடங்கி, ஒருவரைச் சொல்லால் குத்துவது வரை வந்திருக்கிறது. அவ்வினைக்குப் பின்னர் வருகிறேன்.

இவற்றுள் வழக்கொழிந்த ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: தொடு. இன்று தொடுதல் என்றால் விரல் படுதல். சங்க இலக்கியத்தில் அதற்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைக் காரிகிழார் பாடிய புறநானூற்று 6ஆம் பாட்டில் கீழ்க்கடலுக்குத் தொடுகடல் என்று பெயர். பழைய உரை அதைச் சகரரால் தோண்டப்பட்ட கடல் என்று விளக்குகிறது. சகர மன்னனின் மைந்தர்கள் வேள்விக் குதிரையைத் தேடி நிலத்தைத் தோண்டியதால் கடல் உண்டாயிற்று என்னும் கதை உரையாசிரியர் மனத்தில் இருந்தது. இப்படி ஒரு சொல்லைப் பாட்டுப் பாட்டாகத் தேட விரும்புவோர்க்கு, 1962இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு இன்றும் கைகொடுக்கும். கணினித் தேடல் வந்த பிறகும், சொல் வடிவங்களைப் பிரித்து அடுக்கிய அந்த நூலின் ஒழுங்கு எனக்கு உதவுகிறது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த ஒருவர் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது என்பதை வித்துராவிலிருந்து எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருக்குறளில் தோண்டுதல் பேசப்படும் இரண்டு இடங்களை எல்லோரும் அறிவர். 151ஆம் குறள் தன்னை அகழ்பவரையும் தாங்கும் நிலத்தைச் சொல்கிறது. 396ஆம் குறள் மணலில் கேணி தோண்டத் தோண்ட நீர் ஊறுவதையும், கற்கக் கற்க அறிவு ஊறுவதையும் இணையாக வைக்கிறது. இரண்டாவது குறளில் தோண்டுதலுக்கு வள்ளுவர் எடுத்த வினை தொடு. பரிமேலழகர் அதற்கு உரை எழுதும்போது தோண்டு என்னும் வினையைப் பயன்படுத்துகிறார். அதாவது 13ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிக்குத் தொடு என்பதை விளக்கத் தோண்டு தேவைப்பட்டது. ஒரு வினை ஓய்ந்து இன்னொரு வினை அதன் இடத்துக்கு வந்ததன் தடயம் அந்த உரையில் இருக்கிறது.

தொடு ஏன் ஓய்ந்தது? தீண்டுதல், அணிதல், தோண்டுதல் என்று ஒரே வடிவத்துக்குள் நெரிசல் அதிகம். இறந்தகாலமும் தொட்டான் என்றே வரும். பிரான்சின் தென்மேற்கிலுள்ள காஸ்கனிப் பகுதியில் சேவலுக்கும் பூனைக்கும் உரிய சொற்கள் ஒலி மாற்றத்தால் ஒன்றாகிவிட, மக்கள் சேவலுக்கு வேறு சொல்லைத் தேடிக்கொண்டதை ஜூல் ஜில்லியேரோன் தம் மொழிநிலப்பட ஆய்வில் காட்டினார். மொழியியல் மாணவர் அனைவரும் படிக்கும் எடுத்துக்காட்டு. தொடு வினைக்கும் அந்த விளக்கம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் அதை முழு விளக்கமாக நான் வைக்க மாட்டேன். ஒரே வடிவம் இரு பொருளில் நூற்றாண்டுகளாக ஒத்து வாழ்வதும் உண்டு. கேணியைத் தொட்டான் என்றால் சங்ககாலத்தவர் குழம்பியிருக்க மாட்டார்.

கிளை வினைக்கும் இதே நிலைதான். மரக்கிளை, கிளைஞர் என்று உறவுப் பொருள் ஓங்கிய தமிழில் தோண்டும் கிளை மறைந்தது. மலையாளத்திலோ அது மண்வெட்டியோடு உயிர்வாழ்கிறது. குழித்தல் என்பதும் அப்படித்தான். நமக்குக் குழி பெரும்பாலும் பெயர்ச்சொல். வினை வேண்டுமென்றால் பறி, தோண்டு, வெட்டு என்று ஒன்றைத் துணைக்கு அழைக்கிறோம். இங்கே கிணறு குழிக்கிறார்கள், தென்னங்கன்றுக்குக் குழிக்கிறார்கள். மறுபுறம், நம் பொதுவினையான தோண்டு இங்கே சுருங்கிப்போயிருக்கிறது. மலையாளத்தில் தோண்டுவது பெரும்பாலும் விரலால்: முன்னால் நிற்பவர் தோளில் விரலால் தட்டி அழைப்பதும் தோண்டல்தான். நான் வந்த புதிதில் பேருந்தில் ஒருவர், தம்மை ஏன் தோண்டுகிறீர்கள் என்று பின்னால் நின்றவரைக் கேட்டதைக் கேட்டுத் திகைத்தது உண்டு. கன்னடத்தில் தோடு என்றால் இன்றும் கிணறு தோண்டுவதுதான்.

மாந்து என்னும் வினை இன்னும் சுவையானது. கேரளத்தில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மண்ணுமாந்தி யந்திரம் என்று பெயர். பொன்முடி மலைச்சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரியும் காலங்களில் இச்சொல் நாளிதழில் தவறாமல் வரும். மலையாள மாந்துதல் நகத்தால் கீறிக் கிளறுதல். தமிழ் மாந்துதல் வயிறாரக் குடித்தல், உண்ணுதல். ஓசை ஒன்றென்பதற்காக இரண்டையும் கட்டிப்போட்டு, தமிழர் குடிப்பதையே தோண்டுதலாகக் கண்டனர் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் சிரிப்போம். கல்லூரிச் சாலையில் உணவகப் பலகையைப் பார்த்த என் நண்பர் ஒருவர் குழிமந்தி என்பதற்கும் இப்படியே விளக்கம் தந்தார்: குழியிலிருந்து மாந்தி எடுப்பதால் குழிமந்தி. மந்தி ஏமன் நாட்டிலிருந்து வந்த அரபுப் பெயர் என்று சொன்ன பிறகும் அவருக்குத் தம் விளக்கமே பிடித்திருந்தது. உணவின் சமையல்முறை அவர் பக்கம் இருந்ததால் வாதிட எனக்கும் கடினமாயிருந்தது. பொருள் அழகாகப் பொருந்திவிடுவதுதான் இத்தகைய விளக்கங்களின் வலிமை. என் பரிசுக் கட்டுரையின் வலிமையும் அதுவே.

அகழ் வினையின் கதை வேறு. கன்னடம், துளு, தெலுங்கு மொழிகளில் பள்ளம், கோட்டைக்கிடங்கு என்னும் பொருள்களில் அதன் உறவுச் சொற்கள் உள்ளன, நமக்கு அகழி. வளைதோண்டும் வயலெலிக்கு அகழான் என்றொரு பெயரை லெக்சிகன் தருகிறது. பேச்சுத்தமிழில் அகழ் எப்போதோ நின்றுவிட்டது. வீட்டுக்கு அடித்தளம் அகழ்ந்தோம் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆனால் தொல்லியல் துறைக்கு ஒரு கலைச்சொல் தேவைப்பட்டபோது ஓய்ந்திருந்த இவ்வினையே எழுந்து வந்தது: அகழ்வாராய்ச்சி, பின்னர் அகழாய்வு. 2015இல் கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை பணி தொடங்கி, 2018இல் தமிழகத் தொல்லியல் துறை அதைக் கையேற்ற பிறகு, பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் சொல்லாக அகழாய்வு மாறிவிட்டது. தோண்டாய்வு என்று ஏன் வைக்கவில்லை? தோண்டுதல் கூலிக்குச் செய்வது, அகழ்தல் கல்விக்குச் செய்வது என்னும் வேற்றுமை நம் காதில் ஏறியிருக்கிறது. குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளுபவர் இரண்டிலும் ஒருவரே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலத்திலும் ஏறத்தாழ இதே பங்கீடு நடந்தது. பழைய ஆங்கிலத்தில் தோண்டுதலுக்குரிய வினை 'டெல்ஃபன்', இன்றைய 'டெல்வ்'. 14ஆம் நூற்றாண்டளவில் 'டிக்' நுழைகிறது. கரை எழுப்புதல், வாய்க்கால் வெட்டுதல் தொடர்பான பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. புதியது மண்வெட்டியை எடுத்துக்கொண்டது. பழையது ஆவணங்களுக்குள்ளும் சிந்தனைக்குள்ளும் 'ஆழ்ந்து செல்லும்' உயர்நடை வினையாக ஒதுங்கியது. 1611இன் ஆங்கில விவிலியத்தில் இதன் இறந்தகாலம் 'டிக்ட்'; இன்று எல்லோரும் எழுதும் 'டக்' வேறு வினைகளின் போக்கைப் பார்த்து உருவான வடிவம். பொதுவாக ஆங்கில வினைகள் ஒழுங்கற்ற வடிவத்திலிருந்து ஒழுங்குக்கு வருவதே வழக்கம். இது எதிர்த்திசையில் நடந்தது.

என் வாதத்துக்கு இங்கே தேவைப்படுவது வேறொரு செய்தி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே 'டிக்' என்றால் விழுந்து விழுந்து படித்தல். 1827 முதலே அதற்குச் சான்று காட்டுகிறார்கள். 1851இல் பெஞ்சமின் ஹால் தொகுத்த கல்லூரிச் சொற்களும் வழக்கங்களும் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றது. பின்னர் 1930களில் கறுப்பின ஜாஸ் இசைக் கலைஞர்களின் பேச்சில் அதே வினை புரிந்துகொள்ளுதல், ரசித்தல் என்னும் பொருளில் ஒலிக்கிறது. இந்தப் பொருளுக்கு மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியில் கேட்டல், புரிதல் என்னும் பொருளுள்ள ஒரு வினையை மூலமாகக் காட்டினார் டேவிட் டால்பி. ஓசை நெருக்கம், பொருள் நெருக்கம் இரண்டும் அங்கே உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மொழி அமெரிக்கப் பேச்சில் தடம் பதித்ததும் உண்மை. குறைவது இடைக்கண்ணி: அந்த வினை அமெரிக்க மண்ணில் தலைமுறைகளாகப் பேசப்பட்டதைக் காட்டும் பதிவு. தோண்டுதலிலிருந்து படித்தலுக்கும் படித்தலிலிருந்து புரிதலுக்கும் செல்லும் பாதைக்கோ ஆண்டு குறித்த தடங்கள் இருக்கின்றன. அதனால் பெரும்பாலோர் இரண்டாவது பாதையை ஏற்கின்றனர்.

ஆகவே தோண்டுதல் கற்றலாக மாறுவது நடக்கக்கூடியதே. ஆங்கிலத்தில் நடந்திருக்கிறது. தமிழில் அது நடந்ததா என்பதுதான் கேள்வி. நடக்கக்கூடியது என்பதால் நடந்துவிட்டதாக என் பழைய கட்டுரை எடுத்துக்கொண்டது.

இனி வடிவங்களைப் பார்ப்போம். படித்தல் பொருளிலான கல்: கற்கிறேன், கற்றேன், கற்பேன். தோண்டுதல் பொருளிலான கல்லு: கல்லுகிறேன், கல்லினேன், கல்லுவேன். முதலாவது நில், வில் போன்றவற்றோடு சேரும் வல்லின வகை. இரண்டாவது உகர ஈற்று வகை, தோண்டு, கிண்டு போல. கல்லூரி, கல்லாதவர் ஆகிய வடிவங்களில் லகரம் இரட்டிப்பதைக் கண்டு பலர் ஏமாறுகிறார்கள். அது கல் என்னும் ஓரசைச் சொல்லின்முன் உயிர் வரும்போது இயல்பாக நிகழ்வது. நான் முதுகலையில் ஏமாந்ததும் கல்லாதவரிடம்தான்.

வினைவகை வேறுபாடு மட்டும் போதாது. ஒரே வேரிலிருந்து இரு வகை வினைகள் பிறப்பது தமிழில் உண்டு என்று யாரேனும் மறுக்கலாம். அந்த மறுப்பு நேர்மையானது. அதனால் உறவுமொழிகளைப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் கலி, துளுவில் கல்புனி, தெலுங்கு இலக்கிய வழக்கில் கறச்சு, நீலகிரியின் கோத்தர், தோடர் மொழிகளிலும் கல் வினை. எல்லாவற்றிலும் பொருள் கற்றல். தோண்டுதலின் வாடைகூட இல்லை. அதாவது இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே இவ்வினை கற்றலைத்தான் குறித்தது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதி கற்றலுக்கும் தோண்டுதலுக்கும் கல்லுக்கும் (பாறை என்னும் பொருளில்) தனித்தனிப் பதிவுகளைத் தருகிறது. கல்லில் எழுதிப் படித்ததால் கல்வி என்னும் மற்றொரு மேடை விளக்கத்துக்கும் இதே பதில்தான்.

வள்ளுவரிடம் திரும்புகிறேன். கேணி தோண்டுதலையும் கற்றலையும் ஒரே குறளில் அருகருகே வைத்தவர், இரண்டு வினைகளும் ஒன்றென்னும் உணர்வு அவர் காலத்தில் இருந்திருந்தால், கல்லு என்பதை எடுத்திருக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. எடுத்தது தொடு. இதை வலுவான சான்றாகச் சொல்ல ஆசைதான். ஆனால் கற்ற என்பதோடு எதிரொலிக்கத் தொட்ட என்னும் வடிவம் அவருக்கு வேண்டியிருந்தது. கல்லிய என்பது அந்த ஓசையைத் தராது. ஆகவே அவருடைய தேர்வு யாப்பினால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். இந்தச் சான்றை எடைபோடாமல் ஓரமாக வைத்துவிடுகிறேன். தீர்ப்புக்கு உறவுமொழிச் சான்று போதும்.

மலையின் அந்தப் பக்கம், திருநெல்வேலி இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். கொற்கையிலும் காயலிலும் மண்ணையும் தோண்டிப் பார்த்து, அந்த அனுபவத்தை 1877இல் இந்தியன் ஆன்டிக்குவரி இதழில் எழுதியவர். அவர் சொற்பிறப்பு முடிவுகளில் பல இன்று நிற்கவில்லை. ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றிப் பேசுமுன் அதன் கன்னட, தெலுங்கு, துளு வடிவங்களை வரிசையாக வைக்கும் பழக்கத்தை நமக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் அவரே. அந்த ஒரு பழக்கம் எனக்கு அன்று இருந்திருந்தால் கட்டுரை பிறந்திருக்காது. பரிசும் கிடைத்திருக்காது.

இந்தத் திருத்தத்தால் கல்லு வினைக்கு இழப்பு ஏதும் இல்லை. மலையைக் கல்லி எலியைப் பிடித்தாற்போல என்னும் பழமொழியில் அது உயிரோடிருக்கிறது. பல ஊர்களில் கெல்லி என்று ஒலிக்கும். ஆறு கரையைக் கல்லும் என்பதை லெக்சிகன் தருகிறது. வெள்ளம் கரையின் அடிமண்ணை அரித்தெடுப்பதற்கு இதைவிடச் சரியான வினை இன்றைய நாளிதழ்த் தமிழில் இல்லை. கற்றலோடு கட்டிப்போட்டதால் இவ்வினைக்குக் கிடைத்ததெல்லாம் மேடைப்புகழ்தான். அதன் சொந்த வாழ்க்கையை யாரும் தொகுக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பழைய கட்டுரையைப் பகிர்ந்து வைத்திருப்பவர்கள் இப்பதிவையும் அதனோடு இணைத்துவிடுங்கள். எனக்கு எழுதிய மாணவர்க்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றொரு வேண்டுகோள்: கல்லு, கெல்லு, கிளை ஆகிய வினைகள் தோண்டும் பொருளில் உங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தால், எதைக் கல்லுவார்கள், எந்தக் கருவியால், யார் சொல்லிக் கேட்டீர்கள், எந்த ஊர் என்னும் நான்கையும் கீழே எழுதுங்கள். குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டத்தாரும் செங்கோட்டைப் பக்கத்தவரும். 1956 வரை வித்துராவோடு ஒரே திருவிதாங்கூர், பின் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்த ஊர்கள் அவை. சேனைக்கிழங்கை அங்கே என்ன செய்து எடுக்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.